பனி உருகிய பின் ஒரு பனிவண்டி

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏப்ரல் மாதம் பிறந்து, கூரைகளில் தொங்கிய கடைசிப் பனிக்கட்டியும் சொட்டுச் சொட்டாகக் கரைந்து முடிந்து, சாலையின் இருமருங்கிலும் மாதக்கணக்காக மறைந்து கிடந்த வேலிகளும் தபால் பெட்டிகளும் மீண்டும் தலைகாட்டத் தொடங்கும் நாட்களில், கிராமத்து வீட்டு முற்றங்களில் ஒரு விசித்திரமான காட்சியைக் காணலாம். முன்புறத்தில் இரண்டு சறுக்குக் கட்டைகளும் பின்புறத்தில் அகன்ற ரப்பர்ப் பட்டையும் கொண்ட யந்திரங்கள், பனியின் சுவடே இல்லாத ஈரப் புல்தரையின்மேல், கரையேற்றி வைத்த தோணிகளைப் போல நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொன்றின் முகப்பிலும் ‘விற்பனைக்கு’ என்று பிரெஞ்சு மொழியில் எழுதிய ஓர் அட்டை செருகியிருக்கும்.

ஆங்கிலம் பேசுவோர் இந்த யந்திரத்தை ஸ்னோமொபைல் என்கிறார்கள், கியூபெக்வாசிகளுக்கு இது மோட்டோநேஜ், அலாஸ்காவில் ஸ்னோமெஷின். நாம் பனிவண்டி என்று சொல்லிக்கொள்வதில் குற்றமில்லை. புதிய வண்டி ஒன்றின் விலை இப்பொழுது பதினைந்தாயிரம் கனடா டாலரை அநாயாசமாகத் தாண்டிவிடுவதால், சாதாரணக் குடும்பஸ்தர் பழைய வண்டியையே நாட வேண்டியிருக்கிறது. கம்பெனிக்காரர்களோ, அடுத்த பனிக்காலத்துக்கு வரப்போகும் மாதிரிகளை முந்தின வசந்தத்திலேயே அறிவித்து, முன்பணம் கட்டுவோருக்குச் சலுகைகளும் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கட்டியவர்கள் கையிலிருக்கும் பழைய வண்டியைத் தள்ளிவிட அவசரப்படுகிறார்கள். எட்டு மாதம் அதை நிறுத்திவைக்க இடமில்லாதவர்களும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். ஆகவே விலை இறங்குகிறது. ஆனால் வாங்குகிறவனுடைய சங்கடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பனியுள்ள காலத்தில் ஓட்டிப் பார்த்து வாங்கலாமென்றால் விலை கட்டுப்படியாவதில்லை; விலை கட்டுப்படியாகும் காலத்தில் ஓட்டிப் பார்க்கப் பனி இல்லை. ஆறு வற்றிய பிறகு தோணி வாங்குகிறவனுடைய நிலைமைதான்.

தரையிலேயே நாலடி ஓட்டிப் பார்த்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ரப்பர்ப் பட்டை தன் சட்டத்தின் அடியில் இரண்டு நீண்ட பிளாஸ்டிக் தண்டுகளின்மேல் உராய்ந்து சுழல்கிறது. அந்த உராய்வுக்கு எண்ணெயாகவும் குளிர்ச்சியாகவும் இருப்பது பட்டை வாரியெடுக்கும் பனியே. காய்ந்த தரையில் சிறிது தூரம் ஓட்டினாலே பிளாஸ்டிக் சூடேறி இளக ஆரம்பித்துவிடும். இதோடு நிற்கவில்லை. நீரால் குளிரும் என்ஜின்களில், அந்த நீரைக் குளிர்விக்கும் உலோகத் தகடுகள் பட்டைக்கு நேர் மேலே அடிவயிற்றில் பதிந்திருக்கின்றன; பட்டை விசிறியடிக்கும் பனி அவற்றின்மேல் மோதிக்கொண்டிருந்தால்தான் என்ஜின் கொதிக்காமல் இருக்கும். எந்தப் பொருளின்மேல் ஓடவேண்டுமோ அந்தப் பொருளையே தனக்கு எண்ணெயாகவும் தண்ணீராகவும் உபயோகித்துக்கொள்ளும் வாகனம் வேறொன்று உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். படகைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

மாண்ட்ரியால் நகரில் குடியேறிய நாள் முதல், பனியென்பது ஜன்னலுக்கு உட்புறத்திலிருந்து, கையில் காப்பி டம்ளருடன் பார்த்து ரசிக்க வேண்டிய ஒரு வஸ்து என்பதே என் அபிப்பிராயமாக இருந்து வந்தது. அந்த அபிப்பிராயத்தைக் கெடுத்தது, நானும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து வடக்கே லாரன்ஷியன் மலைப் பிரதேசத்தில் குத்தகைக்கு எடுத்த ஒரு மரவீடு. ஏரிக்கரை, பைன் மரங்கள், நிசப்தம் எல்லாம் இருந்தன. ஆனால் வீட்டுக்குப் போகும் கடைசி நான்கு கிலோமீட்டர்ச் சாலையில் பனிக்காலத்தில் ஒருவரும் பனியை வாருவதில்லை என்ற விவரம் கையெழுத்துப் போட்ட பிறகே எங்களுக்குத் தெரிந்தது. ஒரு பனிவண்டி வேண்டியதாயிற்று. இதைப்பற்றி எங்கள் மூவருக்கும் சேர்த்து இருந்த ஞானம் பூஜ்யம். நல்லவேளையாக, என் பக்கத்து வீட்டுப் பெரியவர், வாலிபம் முதல் இந்த யந்திரங்களைப் பழுது பார்த்தே வயிறு வளர்த்து ஓய்வு பெற்றவர். பொழுது போகாமல் இருந்த அவர், என்னைவிட உற்சாகத்துடன் புறப்பட்டுவிட்டார்.

முதலில் பார்த்த வண்டி, கழுவித் துடைத்துப் பளபளவென்றிருந்தது. சொந்தக்காரர் இனிமையானவர், நாங்கள் காரிலிருந்து இறங்குவதற்குள் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தார், என்ஜின் உடனே உயிர்பெற்று உறுமியது. எனக்கு அப்பொழுதே பையிலிருந்து பணத்தை எடுக்க வேண்டும்போல் இருந்தது. பெரியவர் வண்டியைச் சுற்றி வரவுமில்லை, குனிந்து பார்க்கவுமில்லை. என்ஜினை நிறுத்தச் சொல்லி, மூடியைத் திறந்து, சிலிண்டரின்மேல் உள்ளங்கையை வைத்து, ஜுரம் பார்க்கும் வைத்தியரைப் போல் சற்று நேரம் நின்றார். பிறகு, இந்த வருஷம் மேப்பிள் மரங்களில் சாறு எப்படி என்று சொந்தக்காரரோடு பேசிவிட்டு விடைபெற்றுக்கொண்டார். அரை நிமிஷம் ஓடிய என்ஜினில் இருக்கக்கூடிய சூடு அல்ல அது, நாங்கள் வருவதற்கு முன்பே அது நெடுநேரம் ஓடியிருக்கிறது என்பதைச் சாலைக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார். சிலிண்டரும் பிஸ்டன் வளையங்களும் தேய்ந்து அழுத்தம் குறைந்துபோன என்ஜின், சூடாக இருக்கும்போது சாதுவாகக் கிளம்பும். குளிர்ந்து கிடக்கும்போதுதான் அதன் உண்மை ஸ்வரூபம் தெரியும். ஆகவே பழைய பனிவண்டி பார்க்கப் போகிறவன் எல்லாவற்றுக்கும் முன்னால் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டியது, என்ஜின் ஜில்லென்று இருக்கிறதா என்பதே.

அன்று நாங்கள் போய்க்கொண்டிருந்தது மாண்ட்ரியாலுக்குக் கிழக்கே, வால்கூர் என்னும் சிற்றூரின் வழியாக. பனிவண்டி வாங்கப் போகிறவன் அந்த ஊரைக் கடந்துபோவது, வீணை வாங்கப் போகிறவன் தஞ்சாவூரைக் கடந்துபோவது மாதிரி. ஜோசப் அர்மான் பம்பார்டியர் 1907-ஆம் ஆண்டு பிறந்தது இந்த ஊர்ப் பக்கத்திலேதான். 1922-ஆம் ஆண்டின் கடைசியில், பதினைந்து வயதுப் பையனாக இருந்த அவர், தந்தை கொடுத்த பழைய ஃபோர்டு காரின் என்ஜினைக் குதிரைச் சறுக்குவண்டியின் கட்டைகளின்மேல் ஏற்றி, பின்னால் ஆகாய விமானத்துக்கு இருப்பதைப் போன்ற ஒரு மரச் சுழலியைப் பொருத்தி, தம்மோடு ஒரு சகோதரரையும் ஏற்றிக்கொண்டு ஊர்த் தெருவில் ஓட்டிக் காட்டினார். சுழலும் கத்தியைப் பார்த்துக் கலங்கிப்போன தந்தை, அதை உடனே பிரித்துப் போடும்படி உத்தரவிட்டாராம். பையன் பிரித்துப் போட்டான். ஆசையை மட்டும் பிரித்துப் போடவில்லை.

அந்த நாட்களில் கியூபெக்கின் கிராமச் சாலைகளில் பனிக்காலத்தில் பனியை வாருவதென்ற வழக்கமே கிடையாது. டிசம்பரில் கார்களைக் கொட்டகையில் பூட்டிவிட்டு ஜனங்கள் குதிரைகளை நம்பினார்கள். 1934-ஆம் ஆண்டின் பனிக்காலத்தில், ஊரிலே மோட்டார்ப் பட்டறை வைத்திருந்த பம்பார்டியரின் இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி கண்டு, ஆஸ்பத்திரி சுமார் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஷெர்புரூக் நகரில் இருக்க, பனி மூடிய சாலையில் கொண்டுபோக வழியின்றிக் குழந்தை இறந்துபோயிற்று. தகப்பனின் பட்டறையில் பனியில் ஓடும் வண்டிக்கான பரிசோதனைகள் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தன. அந்தச் சமயத்தில் ஓடக்கூடியதாக ஒன்றும் தயாராகியிருக்கவில்லை.

பல்சக்கரத்தாலும் ரப்பர்ப் பட்டையாலும் வண்டியைப் பனிமேல் செலுத்தும் முறைக்கு 1937-இல் அவர் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் உட்காரும் வண்டியும், பிறகு பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டியும் வந்தன. வைத்தியர்களும், தபால்காரர்களும், பள்ளிப் பிள்ளைகளும் அவற்றில் பிரயாணம் செய்தார்கள். அப்பொழுது, 1948-இல், கிராமச் சாலைகளிலும் பனியை வாரியாக வேண்டும் என்று மாகாண சர்க்கார் ஏற்பாடு செய்தது; ஜனங்களுக்கு அது பெரிய சௌகரியமாகவும், பம்பார்டியருக்குப் பெரிய நஷ்டமாகவும் முடிந்தது. பெரிய வண்டிகளின் வியாபாரம் சரிந்தது. லேசான இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின்களும், இணைப்பில்லாத ஒரே வளையமாக வார்த்த ரப்பர்ப் பட்டையும் கைகூடிய பின், ஓரிருவர் ஏறிச் செல்லும் சிறு வண்டியை 1959-இல் அவர் வெளியிட்டார். நாய்கள் இழுக்கும் வண்டிக்குப் பதிலாக வந்ததால் ‘ஸ்கி-டாக்’ என்று வைக்க நினைத்த பெயர் ‘ஸ்கி-டூ’ ஆகிவிட்டது. ஆரம்பத்தில் செய்த வண்டிகளில் ஒன்று, வடக்கு ஒண்டாரியோவின் காடுகளில் ஊழியம் செய்துகொண்டிருந்த மோரிஸ் ஊயிமே என்னும் பாதிரியாரிடம் போய்ச் சேர்ந்தது. முதல் பனிக்காலத்தில் விற்றவை 225. ஒன்றின் விலை ஏறக்குறைய 900 டாலர். ஐந்தே வருஷம் கழித்து, 1964-இல், பம்பார்டியர் காலமானார். பாதிரிமாருக்கும் கண்ணி வைத்து மிருகம் பிடிப்போருக்கும் என்று செய்த வண்டியை ஜனங்கள் விளையாட்டுக்கு எடுத்துக்கொண்டதன் முழுப் பெருக்கை அவர் பார்க்கவில்லை.

அந்தப் பெருக்கின் அடையாளங்களைக் கியூபெக்கின் களஞ்சியங்களுக்குள் இன்றைக்கும் காணலாம். 1970-71 வாக்கில் வட அமெரிக்காவில் ஒரே வருஷத்தில் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வண்டிகள் விற்றன. அவற்றைச் செய்யக் கம்பெனிகள் மழைக்கால ஈசல்களைப் போலக் கிளம்பின. பிறகு எண்ணெய் விலை ஏறிற்று, சில பனிக்காலங்கள் பனியில்லாமலே கழிந்தன, ஈசல்கள் உதிர்ந்தன. லா பொக்காத்தியேர் என்ற ஊரில் செய்த ஆரஞ்சு நிற மோட்டோ-ஸ்கீயும், தெட்ஃபோர்டு மைன்ஸில் செய்த ஸ்னோ-ஜெட்டும் இன்று பழம்பொருள் சேகரிப்போர் தேடும் பெயர்கள். மினசோட்டாவின் ரோஸோவில் பிறந்த பொலாரிஸும், அங்கிருந்து பிரிந்துபோன எட்கர் ஹெட்டீன் தீஃப் ரிவர் ஃபால்ஸில் தொடங்கிய ஆர்க்டிக் கேட்டும், ஸ்கி-டூவும், ஜப்பானிய யமஹாவுமே நிலைத்தன. அவற்றிலும் ஆர்க்டிக் கேட் ஒருமுறை விழுந்து எழுந்தது. நம் ஊர் வாலிபர்கள் ஒரு காலத்தில் ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிளுக்காக மயங்கிக் கிடந்த அதே யமஹா, 1968 முதல் செய்துவந்த பனிவண்டியை 2025-ஆம் ஆண்டு மாதிரியோடு நிறுத்திக்கொண்டது. பழைய வண்டி வாங்குகிறவனுக்கு இதெல்லாம் வெறும் சரித்திரமல்ல; ஒரு பேரிங்கோ, ஒரு வால்வோ உடையும் நாளில் அதற்கு மாற்று எங்கே கிடைக்கும் என்ற கேள்வி.

இரண்டாவதாக நாங்கள் பார்த்த வண்டி அப்படிப்பட்ட ஒரு களஞ்சியத்தில்தான் இருந்தது. வயது பதினைந்து, ஓடிய தூரமோ மூவாயிரம் கிலோமீட்டருக்கும் குறைவு. கடந்த ஆறு பனிக்காலமாக அதைத் தொடவே இல்லை என்று சொந்தக்காரர் பெருமையுடன் சொன்னார். அந்தப் பெருமையில் நானும் பங்கெடுத்துக்கொண்டேன். பெரியவரின் முகம் மட்டும் வாடிவிட்டது. ஓடித் தேய்ந்ததை எண்ணிப் பார்த்துவிடலாம், நின்று கெட்டதை எண்ணிப் பார்க்க முடியாது என்பது அவருடைய கட்சி.

அதன் நியாயத்தை அவர் விளக்கியபோது எனக்கு ஆர்எக்ஸ் 100-இன் புகை நினைவுக்கு வந்தது. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினுக்கு எண்ணெய்த் தொட்டி அடிவயிற்றில் கிடையாது. பெட்ரோலோடு கலந்தோ, தனிக் குழாய் வழியாகவோ உள்ளே போகும் எண்ணெய்தான் பேரிங்குகளை நனைத்துவிட்டுப் புகையாக வெளியேறுகிறது. என்ஜின் நின்றால் எண்ணெயும் நின்றது. ஆகையால் பருவம் முடியும்போது, விஷயம் தெரிந்தவர்கள், ஓடும் என்ஜினின் மூச்சுக்குழலில் ஒரு காப்பு எண்ணெயைப் பீச்சி, வெள்ளைப் புகை மண்டும்வரை பார்த்திருந்து நிறுத்துவார்கள். அப்படிச் செய்யாமல் போட்டுவைத்த வண்டியில், வசந்தத்தின் ஈரக்காற்று உள்ளே புகுந்து கிராங்க் பேரிங்குகளில் துருவை விதைத்துவிடுகிறது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓட ஆரம்பித்த சில நாளில் உள்ளே இரும்பு இரும்பைத் தின்னும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போய், கார்புரேட்டரின் தலைமுடி போன்ற துவாரங்களில் பிசினாக உறைகிறது. பெரியவர் காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே, இருக்கையின் பஞ்சைக் கொண்டு வெகு நேர்த்தியாகக் கட்டிய எலிக்கூடு ஒன்று இருந்தது. பக்கத்தில் மின்கம்பிகளின் உறையைப் பல்லால் உரித்திருந்தார்கள், அந்த வீட்டைக் கட்டியவர்கள்.

மூன்றாவது வண்டியை மே மாதத்தில் பார்த்தோம். அதன் சொந்தக்காரி ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. புதிய வண்டிக்கு முன்பணம் கட்டியிருந்தார். மீட்டரில் பதினாலாயிரம் கிலோமீட்டரைப் பார்த்ததும் நான் காருக்குத் திரும்பத் தயாரானேன். ஆனால் அந்த அம்மையார் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். எந்த நாளில் எந்த பெல்ட்டை மாற்றினார், எத்தனையாவது கிலோமீட்டரில் பிஸ்டன்களைப் புதுப்பித்தார், எந்த ஏப்ரலில் காப்பு எண்ணெய் பீச்சினார் என்பதெல்லாம் நோயாளியின் குறிப்பேட்டைப் போல வரிசையாக எழுதியிருந்தன. பெரியவர் அதை வாசித்த சிரத்தையை நான் வேறெந்தப் புத்தகத்திலும் அவர் காட்டிப் பார்த்ததில்லை.

நோட்டுப் புத்தகத்தை அவர் நம்பினார் என்று சொல்ல முடியாது. என்ஜின்மேல் உள்ளங்கை வைத்தார், ஜில்லென்றிருந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இரண்டின் முனையும் ஒரே காப்பி நிறமாக இருப்பதைக் காட்டினார். ஒன்று வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் எரிகிறதென்று அர்த்தம். கடுங்குளிரில் காற்று அடர்த்தியாவதால், கார்புரேட்டர் வண்டிகளில் அந்தப் பற்றாக்குறை அதிகரித்து, கடைசியில் பிஸ்டனின் தலையிலே ஓட்டை விழும். பிளக் இருந்த துவாரத்தில் அழுத்தமானியைத் திருகி, முள் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுத்தார். ஒரு சிலிண்டர் 120 பவுண்டு காட்டிற்று, மற்றது 118. எண் பெரியதா என்பதைவிட இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். பத்தில் ஒரு பங்குக்குமேல் வித்தியாசம் கண்டால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பிறகு தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். பட்டையின் பற்கள் முழுமையாக இருக்கின்றனவா, ரப்பருக்குள் ஓடும் குறுக்குக் கம்பிகள் ஒடிந்து தொய்ந்தனவா, ஓரங்களில் நூல் பிரிந்ததா என்று ஒரு முழுச் சுற்று கையாலேயே உருட்டிப் பார்த்தார். பட்டை புதிதாக மாற்றவேண்டுமென்றால் அதுவே பெருஞ்செலவு. பிளாஸ்டிக் தண்டுகள் தேய்மானக் கோட்டை நெருங்கியிருந்தன. அது சில்லறைச் செலவு, விலையில் கழித்துக்கொள்ளலாம் என்றார். அலுமினிய உடம்பின் அடியில் விரலை ஓட்டிக்கொண்டே போய், ரிவெட் அறுந்த இடமோ, நெளிந்து நிமிர்த்திய தடயமோ இருக்கிறதா என்று தடவினார். ஏனென்றால் மரத்தில் மோதிய வண்டியின் பெயிண்டை மறைக்கலாம், முதுகெலும்பை மறைக்க முடியாது. பின்புறத்தைத் தாங்கியின்மேல் உயர்த்திச் சிறிது நேரம் ஓடவிட்டபோது, பின்னால் போய் நின்ற என்னைத் தோளைப் பிடித்து விலக்கினார். பட்டையில் பதித்த இரும்பாணி ஏதேனும் தெறித்தால் துப்பாக்கிக் குண்டுதான். பட்டை ஒருபுறம் ஒதுங்காமல் நடுவிலே சுழன்றது. பெல்ட்டைக் கவ்வும் கிளட்ச்சின் முகங்களில் பள்ளம் இல்லை.

காகித விஷயங்கள் சீக்கிரம் முடிந்தன. உடம்பின் வலப்பக்கத்தில் பொறித்த எண்ணும் பதிவுச் சீட்டிலுள்ள எண்ணும் ஒன்றாக இருந்தன; அந்த எண்ணின் பத்தாவது எழுத்து மாதிரி ஆண்டைச் சொல்லிவிடும் என்பதால், வயதில் பொய் சொல்ல வண்டிக்கு வழியில்லை. இந்த எண்ணைக் கொண்டே, வண்டியின்மேல் யாருக்காவது கடன் பாத்தியதை இருக்கிறதா என்று மாகாணத்தின் அரசாங்கப் பதிவேட்டில் சொற்பக் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பார்க்காமல் வாங்கினால் பிறர் கடன் நம் முற்றத்துக்கு வந்து நிற்கும். பெயர் மாற்றிய பிறகும், கிளப்புகள் பராமரிக்கும் பாதைகளில் ஓட்டத் தனியாக அனுமதிச் சீட்டு வேண்டும். கியூபெக்கில் அத்தகைய பாதைகள் முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. அங்கே மணிக்கு 70 கிலோமீட்டர் வரை போகலாம், பக்கத்து ஒண்டாரியோவில் 50. எங்களுக்கு வேண்டியிருந்ததென்னவோ நான்கே கிலோமீட்டர்தான்.

பேரம் அதிகம் இல்லை. பிளாஸ்டிக் தண்டுகளைச் சொல்லி நான் கொஞ்சம் குறைத்தேன். நோட்டுப் புத்தகத்தைச் சொல்லி அந்த அம்மையார் கொஞ்சம் ஏற்றினார். அந்த நோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டோம். பட்டையின் பளு தளரும்படி பின்புறத்தை உயர்த்தி, காப்பு எண்ணெய் பீச்சி, மூச்சுக்குழலை எலி புகாமல் இரும்பு நாரால் அடைத்து, என் கொட்டகையின் ஒரு மூலையில் வைத்தோம். கோடை முழுவதும் புல்வெட்டியை எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். வாங்கியது வண்டிதானா, அல்லது அழகான ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுந்தானா என்ற சந்தேகம் ஜூலை மாதத்து வெப்பத்தில் பலமாக வந்து போகும்.

டிசம்பர் மூன்றாவது வாரத்தில், ஓர் இரவு முழுவதும் விழுந்த பனி மறுநாள் காலையில் மரவீட்டுச் சாலையை மூடியிருந்தது. உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது டிகிரி காட்டிற்று. வண்டியை டிரெய்லரிலிருந்து இறக்கி, இரும்பு நாரை எடுத்து, புதுப் பெட்ரோல் ஊற்றினோம். கயிற்றைப் பிடிக்க நான் கை நீட்டியபோது, பெரியவர் என்னைச் சற்றுப் பொறுக்கச் சொல்லி மூடியைத் திறந்தார், கையுறையைக் கழற்றினார், ஏழு மாதமாக என் கொட்டகையிலேயே கிடந்த அந்த என்ஜினின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துத் திருப்தியோடு தலையை ஆட்டினார். பிறகு, இழுக்கலாம் என்றார்.

நான்காவது இழுப்பில் நீலப்புகை வந்தது.